மூணு வருஷ பேண்டுக்கு ஏன் இவ்ளோ அலப்பறை?

அண்ணா,
மைனர் த்ரெட்ங்கிற அமெரிக்க பங்க் ராக் பேண்ட் பத்தி நீங்க எழுதினத படிச்சுட்டு யூடியூப்ல கேட்டேன். பாதி பாட்டு ஒரு நிமிஷம் கூட தாண்டல, ஒரே கத்தல். மூணு வருஷத்துல கலைஞ்சு போன பசங்களுக்கு ஏன் இவ்ளோ பில்டப்? அதுலயும் குடிக்க மாட்டேன், தம் அடிக்க மாட்டேன்னு பாட்டு வேற. பங்க்னா இதுவா? வாத்தியார் கிளாஸ் எடுக்குற மாதிரி இருக்கு.
ஒரு வாசகர், கோவை

தம்பி,
கத்தல்தான், அத மறுக்கல. ஆனா வாசிக்கத் தெரியாம கத்தல. வாஷிங்டன் டி.சி.ல இந்த பசங்களுக்கு முன்னாடியே பேட் பிரெய்ன்ஸ்னு ஒரு பேண்ட், நாலு பேரும் கறுப்பினத்தவங்க, ஜாஸ் ஃபியூஷன் வாசிச்சுட்டு இருந்து பங்க் பக்கம் வந்தவங்க, அந்த ஸ்பீட நேர்ல பார்த்துதான் மைனர் த்ரெட் பாடகர் இயன் மெக்காயும் கூட்டாளிங்களும் மிரண்டு போய் பழகினாங்க. மைனர் த்ரெட்ட மட்டும் தூக்கிப் பிடிக்கிறவங்க இத சொல்லாம விட்டுடுவாங்க, எனக்கு அதுல எரிச்சல் உண்டு.

குடி விஷயம் ஆரம்பிச்சது உபதேசத்துல இல்ல, வாசல்ல. மெக்காயும் டிரம்மர் ஜெஃப் நெல்சனும் அதுக்கு முன்னாடி டீன் ஐடில்ஸ்னு ஒரு பேண்ட்ல இருந்தாங்க. 1980ல சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வாசிக்கப் போனா, வயசு பத்தாதுன்னு கிளப்ல யோசிக்கிறாங்க, கடைசில கை மேல மார்க்கர்ல பெருசா ஒரு எக்ஸ் போட்டு விடுறாங்க, இவனுக்கு சரக்கு ஊத்தாதேன்னு அடையாளம். ஊருக்கு வந்து உள்ளூர் கிளப்லயும் அதையே பேசி வாங்கினாங்க, எங்கள்ல எவனாவது குடிச்சு மாட்டினா மொத்தமா உள்ள விடாதீங்கன்னு. ஸ்கூல் பசங்க பேண்ட் பாக்க வழி கிடைச்சது அப்படித்தான். குடி, போதை வேண்டாம்னு சொல்ற மைனர் த்ரெட்டோட 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' பாட்டு வந்தது 1981ல, 46 செகண்ட்.

அத வச்சு அப்புறம் சில ஊர்ல பசங்க பீர் வச்சிருந்தவன அடிக்கிற அளவுக்குப் போனது அசிங்கம், மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா குடிக்க மாட்டேன், தம் அடிக்க மாட்டேன்னு வர்ற 'அவுட் ஆஃப் ஸ்டெப்' பாட்ட 1983ல திரும்ப ரெக்கார்ட் பண்ணப்ப நடுவுல நிறுத்தி, இது யாருக்கும் ரூல் இல்லன்னு மெக்காய் பேசுவார், கேட்டுப் பாருங்க. பேண்டுக்குள்ளயே இதுக்கு சண்டை நடந்திருக்கு, நெல்சனுக்கு அந்த வரிங்க அப்படியே போறதுல இஷ்டமில்ல.

எனக்கு இவங்க பெரிய ஆளுங்களா தெரியறது வேற காரணத்துக்கு. டீன் ஐடில்ஸ் ஷோல சேர்ந்த 600 டாலர் சொச்சத்த பங்கு போடாம, பேண்ட் கலைஞ்ச பிறகு அதுல ரெக்கார்ட் போட்டாங்க. அவங்களோட சொந்த ரெக்கார்ட் கம்பெனி டிஸ்கார்ட் அப்படி வந்ததுதான், முதல் ரெக்கார்ட் 1000 காப்பி. கவர் போட காசு பத்தல. நெல்சன் ஒரு ரெக்கார்ட் கவர பிரிச்சு விரிச்சு, அந்த அளவ அப்படியே வரைஞ்சு பிரிண்ட் பண்ணிட்டு வந்தார், ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் உட்கார்ந்து கத்திரிக்கோலால வெட்டி, மடிச்சு, பசை போட்டு ஒட்டினாங்க. பெரிய கம்பெனி வாசல்ல போய் நிக்கல. மெக்காய் பின்னாடி ஃபுகாஸிங்கிற பேண்ட்ல டிக்கெட் அஞ்சு டாலர்னு பிடிவாதமா இருந்ததும் இதே புத்திதான்.

நீங்க ஒண்ணு பண்ணுங்க, பேட் பிரெய்ன்ஸோட 1982 ஆல்பம் (முதல்ல கேசட்டா மட்டும்தான் வந்துச்சு) போட்டுக் கேட்டுட்டு, அப்புறமா மைனர் த்ரெட் பக்கம் வாங்க. போன் ஸ்பீக்கர்ல மட்டும் வேண்டாம், பேஸ் கிட்டார் சத்தம் சுத்தமா காணாம போயிடும்.