போட்டோவுல கம்பி தெரியும், கவர் தெரியுமா?

வீடு கட்டுறவங்க கேக்குற கேள்விக்கு நாகர்கோவில் சிவில் இன்ஜினியர் ஒருத்தர் பதில் சொல்றார்.

கேள்வி: நான் துபாய்ல வேலை பாக்குறேன் சார். குளச்சல்ல கடலுக்கு ஒரு 300 மீட்டர் தள்ளி வீடு கட்டிட்டிருக்கோம், அப்பாதான் சைட்ட பாத்துக்கிறாங்க. தெனமும் அனுப்புற போட்டோவ, கட்டட விதிப்படி வேலை நடக்குதான்னு பாக்குற ஒரு ஏஐ டூல்ல போடுறேன். மாடி கம்பிக்கு 20 எம்எம் கவர், அதாவது கம்பிய மூடி நிக்கிற கான்கிரீட் கனம், போதும், எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுது. வெள்ளிக்கிழமை வார்க்கப் போறாங்க. நம்பலாமா?

பதில்: தம்பி, வெள்ளிக்கிழமைய தயவுசெஞ்சு தள்ளிப் போடுங்க. டூல் பொய் சொல்லல, ஐ.எஸ். 456ங்கிற இந்திய கான்கிரீட் விதிநூல்ல (கோடுன்னு சொல்றது இதத்தான்) 20 எம்எம்னு இருக்கத்தான் செய்யுது, ஆனா அது மைல்ட்னு சொல்ற சாதாரண எடத்துக்கு. அதே கோடுல கடல்காத்துக்கு திறந்து நிக்கிற கான்கிரீட்ட சிவியர்னு பிரிச்சு, கவர் 45 எம்எம், கான்கிரீட் பலம் எம்30ங்கிற தரத்துக்கு கொறையக்கூடாது, தண்ணி-சிமெண்ட் விகிதம் 0.45க்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கு. கடலோரமே ஆனாலும் உப்புக்காத்து நேரா அடிக்காம மறைவா இருக்கிற பகுதின்னா மாடரேட், 30 எம்எம், எம்25. கடல் எவ்ளோ பக்கம்னு நீங்க டைப் பண்ணலேன்னா போட்டோவ பாத்து அதுக்கு எப்படி தெரியும்.

மணக்குடி பக்கம் எங்க சித்தி வீட்டு சன்ஷேட் அடியில கைய வச்சு தடவுனா தவிட்டு நெறத்துல செதில் செதிலா உதிரும், உள்ள கம்பி பென்சில் கனத்துக்கு தேஞ்சு நிக்கும். பெரிய மழையோ வெள்ளமோ பண்ணுன வேலையில்ல அது, கம்பிக்கு அடியில கான்கிரீட் விரல் கனம்கூட இல்ல, அவ்ளோதான். அத பாத்ததுலேர்ந்து கவர் விஷயத்துல நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கிறதில்ல.

இதுல இன்னொரு ஆபத்து இருக்கு, நீங்க கேக்காம டூல் தானா சொல்லுமான்னு எனக்கு சந்தேகம்தான். சரி 45 வைங்கன்னு நீங்க போன்ல சொல்லி, அவங்களும் 4 இஞ்ச் ஸ்லாப்லயே கம்பிய 25 எம்எம் மேல தூக்கி வச்சாங்கன்னா ஸ்லாப்போட பலம் போயிரும், ஏன்னா பாரத்த தாங்குறது கம்பிக்கும் மேல்மட்டத்துக்கும் நடுவுல இருக்கிற அந்த ஆழம்தான். கவர் கூடுனா கனமும் கூடணும், கம்பி கணக்க திரும்ப போடணும், அது உங்க டிசைன் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டு தரவேண்டியது. சிவியரா மாடரேட்டாங்கிறதையும் அவரே சைட்டுல நின்னு பாத்து சொல்லட்டும்.

அப்பாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கம்பிக்கு அடியில டேப்ப நுழைச்சு, எம்எம் கோடு தெரியுற மாதிரி பக்கத்துலேர்ந்து போட்டோ எடுக்கணும், மூலையில ரெண்டு, நடுவுல ரெண்டு. மேலேர்ந்து எடுத்தா, கம்பிய தூக்கி நிறுத்த அடியில வைக்கிற கவர் பிளாக்கும் ஜல்லித்துண்டும் ஒண்ணுபோலதான் இருக்கும். ஜல்லித்துண்டு வார்க்கும்போது மிதிபட்டு நகந்துரும், அப்புறம் கம்பி பலகையில படுத்துரும்.

அப்புறம், 300 மீட்டர்னு சொன்னதால கேக்குறேன், அலை ஏறுற கோட்டுலேர்ந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம் வரும். உங்க அனுமதியில அத பாத்திருக்காங்களான்னு கையில இருக்கிற பேப்பர எடுத்து பாருங்க.

கேள்வி: நான் மார்த்தாண்டத்துல கொத்தனார், 26 வருஷமா தொழில். வீட்டுக்காரர் மொபைல நீட்டி, ஸ்லாப் முட்டு 7 நாள்ல பிரிக்கலாம்னு ஏஐ சொல்லுது, நீங்க 14 நாள்னு இழுக்கிறீங்கங்கிறார். நான் என்ன சொல்ல?

பதில்: அண்ணாச்சி, நீங்க சொன்னதுதான் சரி. ஐ.எஸ். 456 கோடுல 7 நாள்ங்கிறது தாங்கலுக்கு தாங்கல் 4.5 மீட்டருக்குள்ள இருக்கிற ஸ்லாப்புக்கு, அதுக்கு மேல போனா 14. பீம்னா 6 மீட்டர் வரைக்கும் 14, தாண்டுனா 21. இது எல்லாமே ஓபிசிங்கிற சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு சொன்னது. இப்ப நம்ம சைட்டுல முக்காவாசி பிபிசிங்கிற போசோலானா கலந்த சிமெண்ட்தான் வருது, அது மெதுவா இறுகும், அதனால நாள் கூட்டணும், தண்ணி நனைக்கிறதும் 10 நாளுக்கு கொறையக்கூடாது, 14 நாள்னா நல்லது. மூட்டையில என்ன சிமெண்ட்னு டூல் கேட்டுச்சான்னு அவர்கிட்ட கேளுங்க. சண்ட வேண்டாம், ரூமோட நீள அகலத்தையும் மூட்டையில அச்சடிச்சிருக்கிறதையும் அதுலயே போட்டு, அவரையே திரும்ப கேக்கச் சொல்லுங்க. எந்த கோடு, எந்த வருஷம், எந்த பிரிவுன்னும் சேத்து கேட்டா அந்த பக்கத்த எடுத்து ரெண்டுபேரும் ஒண்ணா படிக்கலாம். உங்க கை அனுபவத்துக்கு எழுத்துல ஒரு சாட்சி கிடைக்குதுன்னா அது உங்களுக்கும் நல்லதுதானே.

கேள்வி: தக்கலையில எனக்கு 6 சென்ட் இருக்கு. சுயசான்று முறையில உடனே அனுமதி வாங்கிரலாம்னு ஏஐ சொல்லுது, சரியா சார்?

பதில்: இல்லம்மா. 2024 ஜூலைல வந்த அந்த முறை 2,500 சதுர அடி வரைக்குமான மனைக்கு, 3,500 சதுர அடிக்குள்ள கட்டுற வீட்டுக்கு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆறு சென்ட்டுக்கு 2,613 தாண்டிருது, 113 அடி கூட. டூலுக்கு சென்ட் கணக்கு தடுமாறிருக்கும், எப்பவும் சதுர அடியிலயே போட்டு கேளுங்க. அதோட பதில்ல 1997 பஞ்சாயத்து கட்டட விதின்னு ஏதாவது வந்துச்சுன்னா அத விட்ருங்க, 2019லேர்ந்து ஊர் பஞ்சாயத்து, நகராட்சி எல்லாத்துக்கும் சேத்து ஒரே ஒருங்கிணைந்த விதிதான். பத்திரத்துல இருக்கிற அளவும் நெலத்த அளந்த அளவும் ஒண்ணான்னு சர்வேயர வச்சு முதல்ல பாத்துக்குங்க, அப்புறம் வழக்கமான முறையில விண்ணப்பம் போடுங்க.