டயர் கடனே முடியவில்லை, அதற்குள் கியருக்கு இன்னொரு கடனா?

கேள்வி: என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் 29 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 அங்குல டயரும் லிஃப்ட் கிட்டும் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்) போட்டேன். இரண்டும் கடன், இன்னும் 12 தவணை பாக்கி. இப்போது வண்டி இழுக்கமாட்டேன் என்கிறது, மைலேஜும் ஐந்தில் ஒரு பங்கு விழுந்துவிட்டது. ஆக்சில் கியர் விகிதத்தை (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, உள்ளே வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது; எண் கூடினால் இழுவை கூடும்) 3.73-லிருந்து 4.56-க்கு மாற்றச் சொல்கிறார்கள். "எப்படியும் பிரிக்கத்தான் போறாங்க, ரெண்டு ஆக்சில்லயும் லாக்கரையும் போட்டுடுங்க மாமா" என்கிறார் மைத்துனர். (லாக்கர் என்பது ஓர் ஆக்சிலின் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்றவைப்பது.) மொத்தச் செலவு என் மாதத் தவணையைப் போல் 18 மடங்கு. அதில் பாதி லாக்கருக்கு. வங்கி டாப்-அப் (பழைய பாக்கியோடு சேர்த்துக் கூடுதல் கடன்) தருகிறது: 15 சதவீத வட்டி, அதே தவணை, 36 மாதம். வண்டி பெரும்பாலும் அலுவலகத்துக்குத்தான் ஓடுகிறது. எரிபொருளுக்கு மாதம் ஒரு தவணை அளவு ஆகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். டயரை இவ்வளவு பெரிதாக்கினால் ஆக்சில் கியரும் செலவு கேட்கும் என்பது டயர் வாங்கிய அன்றே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. அதை ஓரமாக வைத்துவிட்டு டயரைக் கடனில் எடுத்தீர்கள். இப்போது விட்டுப்போன மீதிக்கு இன்னொரு கடன். முந்தையதை அடைக்கும் முன்பே அடுத்ததற்குக் கையெழுத்துப் போடும் இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

"அதே தவணை" என்பதில் மயங்கியிருக்கிறீர்கள். ஒரு தவணையை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 12 தவணை, 36 ஆக நீள்கிறது. கூடுதலாக நீங்கள் கட்டப்போவது 24 பங்கு. கைக்கு வருவதோ, 15 சதவீத வட்டியில், ஏறக்குறைய 18 பங்கு. நடைமுறைக் கட்டணம் பிடித்தால் அதுவும் குறையும். மாறாக, 12 மாதத்தில் பழைய கடனை முடித்து, அதே தொகையை மாதாமாதம் ஒதுக்கினால் 30-வது மாதம் அந்த 18 பங்கும் ரொக்கமாகக் கையில் இருக்கும். லாக்கர் வேண்டாமென்றால் 21-வது மாதமே போதும்.

கியர் மாற்றினால் மைலேஜில் காசு திரும்பிவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் போட்டுப் பார்ப்போம். எரிபொருளில் 5 சதவீதம் மிச்சமாகும் என்றே வையுங்கள். மாதம் ஒரு பங்கில் இருபதில் ஒன்று. 18 பங்கை எடுக்க 360 மாதம், அதாவது 30 வருடம்!

மைலேஜ் நீங்கள் நினைக்கிற அளவுக்கு விழவும் இல்லை. டயர் விட்டம் சுமார் 14 சதவீதம் கூடியிருக்கிறது. ஸ்பீடோமீட்டரைத் திருத்தவில்லை என்றால் நீங்கள் 114 கிலோமீட்டர் ஓடியிருக்கும்போது மீட்டர் 100 என்றே காட்டும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகத் தெரிவதில் உண்மையான இழப்பு 9 சதவீதம்தான். ஆபத்தும் இதில் இருக்கிறது: மீட்டரில் 80 பார்த்துக்கொண்டு 91-இல் போகிறீர்கள். அதை உடனே திருத்துங்கள். கியர் வேலையோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு.

பழைய 29 அங்குல டயர்களை விற்றுவிட்டீர்களா? வீட்டில் கிடந்தால், நல்ல நிலையிலும் இருந்தால், அவற்றை மறுபடி மாட்டி ஒரு மாதம் அலுவலகம் போய் வாருங்கள். போன இழுவை திரும்பிவிடும், ஏறக்குறைய செலவே இல்லாமல். விற்றிருந்தால், 33-ஐத் தேய்வதற்குள் விற்று 31-க்கு இறங்குவதையும் யோசியுங்கள். வித்தியாசம் 7 சதவீதமாகக் குறையும். அலுவலக ஓட்டத்துக்கு 3.73 சமாளிக்கும். மேடுபள்ளத்தில் மெதுவாக ஏற லோ ரேஞ்ச் ஏற்கெனவே இருக்கிறது.

இல்லை, 33 அங்குலம்தான் வேண்டும் என்றால், பணம் சேர்ந்த பிறகு செய்யுங்கள். ஆனால் 4.56 எதற்கு? 33-ஐ 29-ஆல் வகுத்து 3.73-ஆல் பெருக்கினால் 4.24 வருகிறது. பழைய இழுவைக்கு 4.10 கிட்டத்தட்ட 3 சதவீதம் குறைவு, 4.56 சுமார் 7 சதவீதம் அதிகம். பாரம் ஏற்றி மலை ஏறுகிறவருக்கு 4.56 சரி. நெடுஞ்சாலையில் அலுவலகம் போகிறவருக்கு 4.10 போதும்.

உங்கள் மாடலே 4.10 ஆக்சிலோடும் வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். வந்திருந்தால், காயலான் கடையில் முன்னும் பின்னும் ஜோடியாக முழு ஆக்சில் தேடுவதுதான் மலிவான வழி. போல்ட் கழற்றி மாட்டும் வேலை; உள்ளே கியர் செட்டிங் கிடையாது. விற்பவர் சொல்வதை நம்பாமல் மூடியைத் திறந்து பற்களை எண்ணச் சொல்லுங்கள்: கிரவுன் வீலில் (பெரிய பல்சக்கரம்) 41, பினியனில் (அதைச் சுற்றவைக்கும் சிறியது) 10 என்றால் 4.10. பினியனில் 11 என்றால் உங்களிடம் இருக்கும் அதே 3.73.

மைத்துனர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. பிரிக்கும்போதே லாக்கர் போட்டால் பின்னால் இன்னொரு கூலி மிச்சம். சில ஆக்சில்களில் விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால் கேரியரையே (கிரவுன் வீலைத் தாங்கும் கூடு; பல லாக்கர்கள் இதன் இடத்தில்தான் உட்காரும்) மாற்ற வேண்டிவரும். அப்போது அவர் வாதத்துக்கு இன்னும் வலு. ஆனால் அது லாக்கர் தேவைப்படுகிறவருக்கான சேமிப்பு. அலுவலகத்துக்கு ஓடும் வண்டிக்கு அது 9 தவணை வீண். தவணை கட்டப்போவது நீங்கள், அவர் இல்லை. அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்களும் உண்டு. பின் ஆக்சிலை மட்டும் இப்போது மாற்றி, முன்னதைப் பிறகு பார்க்கலாம் என்று தொடங்காதீர்கள். விகிதம் வேறுபட்ட நிலையில் ஃபோர் வீலில் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) வரை பழுதாக்கிவிடும். புது கியர் போடுவதாக இருந்தால் பழைய பேரிங்குகளையே திரும்பப் போட விடாதீர்கள். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே விடும் இடைவெளி பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்குள். அதைச் சரியாக வைக்கத் தெரிந்தவரின் கூலியில் பேரம் வேண்டாம். செட்டிங் தப்பினால் கியர் ஊளையிடும், பிறகு தேய்ந்து போகும், முழுச் செலவும் மறுபடி. முதல் ஓட்டம் மெதுவாக, அரை மணிக்குள். பிறகு நன்றாக ஆற விட வேண்டும். சுமார் 800 கிலோமீட்டரில் ஆக்சில் ஆயிலை மாற்றச் சொல்வார்கள். அந்த ஆயில் செலவையும் மதிப்பீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.