ஈன்ற குதிரைக்குக் கிழிசல்: இப்போதே தைக்கலாமா?

இப்போதே தைக்கச் சொல்லாதீர்கள். குட்டி போட்டு மூன்று நாளில் பிறப்புறுப்பு வழியாக லத்தி வருகிறது, டாக்டரோ காத்திருக்கச் சொல்கிறார் என்கிறீர்கள். அவர் சொல்வதுதான் சரி. வீங்கி நைந்த சதையில் தையல் நிற்காது, பிய்த்துக்கொண்டு வந்துவிடும். வீக்கம் வடிந்து புண் சுத்தமாவதற்குக் குறைந்தபட்சம் 4 முதல் 6 வாரம் வேண்டும்.

முதல் ஈற்றா? அதில்தான் இது அதிகம். குதிரை முக்கும்போது குட்டியின் குளம்பு யோனியின் மேல்சுவரைக் குத்தி மலக்குடலுக்குள் போய், அப்படியே வெளிவரை கிழித்திருக்கும்.

இன்று காய்ச்சல் பாருங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, தீனி எடுக்காமல் சோர்ந்து நின்றாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். கிழிசல் வயிற்றறை வரை போயிருக்கலாம், உள்ளே ரத்தம் கசியலாம். அப்போது வாரக்கணக்கில் காத்திருக்கும் பேச்சே இல்லை. டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்றும் கேட்டுவிடுங்கள், குதிரைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அறுவை பெரும்பாலும் குதிரை நின்றபடியே, வாலடியில் மரத்துப்போகும் ஊசி போட்டு நடக்கும். அதைவிட முக்கியம் லத்தி இளகியிருப்பது. கெட்டி லத்தி நல்ல தையலையும் பிரித்துவிடும். அதனால் அறுவைக்கு முன்னும் பின்னும் பசும்புல், டாக்டர் சொல்லும் மலமிளக்கி. வைக்கோல் வேண்டாம்.

ஒன்று, எல்லாம் சரியாகச் செய்தாலும் சின்ன ஓட்டை மிஞ்சி மறுபடி தைக்க நேரலாம். கருப்பையில் தொற்று இல்லை என்று சோதித்த பிறகே சினைக்கு விடுங்கள்.