இன்னொரு பாக்கெட் புல் விதை வாங்காதீர்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் எங்களுடையது கோர்னர் வீடு. பக்கவாட்டில் ஏறக்குறைய 20 அடிக்கு 40 அடி புல்தரை இருக்கிறது. இரண்டு வருடமாகப் புல் திட்டுத்திட்டாகச் செத்துச் செம்மண் தெரிகிறது. இணையத்தில் 'எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது' என்று போட்டிருந்த விதையை 2 கிலோ வாங்கி, இருக்கிற புல்லின் மேலேயே தூவினேன். ஆறாம் நாளே குழந்தைத் தலைமுடி மாதிரி மெல்லிசாக முளைத்துவிட்டது. சீக்கிரம் வளரட்டும் என்று 3 கிலோ யூரியா போட்டு, காலையும் இரவும் தண்ணீர் அடித்தேன். மூன்றாவது வாரம் மஞ்சளாகி, வழவழவென்று சரிந்து எல்லாம் போய்விட்டது. விதை கெட்டதா? வேறு எந்த பிராண்ட் வாங்கலாம்? களைக்கொல்லி அடித்து எல்லாவற்றையும் கொன்றுவிட்டுப் புதிதாக விதை போடு என்கிறார் பக்கத்து வீட்டு அங்கிள். மாமரத்தடியிலும் ஒன்றும் வளரவில்லை. தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கிறோம், இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. புல் வெட்ட மாதம் ஒருமுறை தவறாமல் ஆள் வருகிறார், பராமரிப்பில் குறை இல்லை.
— செந்தூல் வாசகி

பதில்: அம்மா, விதை கெட்டதில்லை. கெட்ட விதை ஆறு நாளில் முளைக்காது. அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு மெல்லிசாக முளைத்ததை வைத்துச் சொன்னால், உங்களுக்கு வந்தது பெரும்பாலும் ரை கிராஸ். குளிர்நாட்டுப் புல். 15 முதல் 24 டிகிரி வரை அது சந்தோஷமாக வளரும். நம் ஊரில் பகலில் 32, 33 டிகிரி, விடியற்காலையில்கூட ஏறக்குறைய 24. அதாவது அந்தப் புல்லுக்குப் பிடித்த அதிகபட்ச சூடுதான் இங்கே நமக்குக் கிடைக்கிற குறைந்தபட்ச சூடு. அது மூன்று வாரம் உயிரோடு இருந்ததே பெரிய விஷயம்.

சாகடித்தது சூடு மட்டும் இல்லை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), 3 கிலோவில் கிட்டத்தட்ட 1.4 கிலோ. உங்கள் 800 சதுர அடிக்கு ஒரு தடவையில் போடக்கூடியது அதிகம் போனால் 350 கிராம் தழைச்சத்து, யூரியாவாகக் கணக்குப் பார்த்தால் முக்கால் கிலோ. நான்கு மடங்கு போட்டுவிட்டு ராத்திரியில் தண்ணீரும் அடித்து இலையை விடிய விடிய ஈரமாக வைத்திருந்தீர்கள். சூடான இரவு, ஈர இலை, அளவு மீறிய தழைச்சத்து, இந்த மூன்றும் சேர்ந்தால் ரை கிராஸில் பித்தியம் அழுகல் என்கிற பூஞ்சை மாதிரியான நோய் சுலபமாக வந்துவிடும். வழவழவென்று சரிந்தது என்று நீங்கள் எழுதியது அதைத்தான்.

புல் மேல் விதை தூவுகிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பணம் மிச்சமாகும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கோடை முழுக்கப் பச்சையாக இருக்கிற பெர்முடா புல் குளிர்காலத்தில் பழுப்பாகித் தூங்கிவிடும். அந்தச் சில மாதத்துக்குப் பச்சை தெரியட்டும் என்று இலையுதிர் காலத்தில் ரை கிராஸ் விதையை மேலே தூவுகிறார்கள். வெயில் திரும்பியதும் அது செத்துப்போகும், பெர்முடா எழுந்துகொள்ளும். அங்கே அதற்கு அர்த்தம் இருக்கிறது. செந்தூலில் புல் எந்த மாதம் தூங்குகிறது? வருடம் முழுக்க வளர்கிற ஊரில், வராத குளிர்காலத்துக்கு மருந்து வாங்கியிருக்கிறீர்கள். இதை விற்கிறவர்களுக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. பாக்கெட்டில் இருக்கிற படத்தைப் பாருங்கள், பின்னால் ஓக் மரமோ, புகைபோக்கி வைத்த வீடோ இருந்தால் அந்த விதை உங்களுக்கு இல்லை. எந்தப் புல் என்று பெயரே போடாமல் 'எல்லாப் பருவத்துக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதைக் கையால்கூடத் தொடாதீர்கள்.

ஆகவே எந்த பிராண்ட் என்ற கேள்விக்குப் பதில், எதுவும் வேண்டாம். நம் ஊர் வீட்டுப் புல் பெரும்பாலும் கௌ கிராஸ், அகல இலை, தரையோடு கொடி ஓடி ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். அதை இங்கே பெரும்பாலும் யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. கொடியை வெட்டி நடுவார்கள், இல்லாவிட்டால் மண்ணோடு துண்டு துண்டாகப் பெயர்த்து விற்கிற கார்பெட் புல்லாக வாங்கி விரிப்பார்கள்.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். ஏற்கெனவே இருந்த புல் ஏன் செத்தது? கௌ கிராஸ் லேசில் சாகாது. புளிப்பு மண்ணைத் தாங்கும், சத்தில்லாத மண்ணைத் தாங்கும், கொஞ்சம் நிழலையும் தாங்கும். அப்படிப்பட்டது திட்டுத்திட்டாகப் போகிறதென்றால் யாரோ அதை விடாமல் துன்புறுத்துகிறார்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் அந்த ஆள் நிற்கிறார், 'பராமரிப்பில் குறை இல்லை' என்ற பாராட்டோடு.

மாதம் ஒருமுறை தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு வந்து, நைலான் கயிறு சுற்றச் சுற்ற, மண் தெரிகிற அளவுக்கு வழித்துவிட்டுப் போகிறாரே, அதைத்தான் சொல்கிறேன். வேலை சுத்தமாக இருக்கிறது என்று நாமும் சந்தோஷமாகக் காசு கொடுக்கிறோம். நான்கு வாரத்தில் கௌ கிராஸ் ஐந்தாறு அங்குலம் எழும்பி, வெயில் எல்லாம் மேல் இலைக்குப் போய், அடித்தண்டு வெளுத்துக் கிடக்கும். அந்த நிலையில் அரை அங்குலத்துக்கு வெட்டினால் பச்சை முழுக்கப் போய் வெளுத்த தண்டு மட்டும்தான் மிஞ்சும், பல இடத்தில் ஓடுகிற கொடியே அறுந்துவிடும். உணவு தயாரிக்க இலை இல்லாத புல் வேரில் இருப்பதைச் செலவழித்து மறுபடி துளிர்க்கும். அது கொஞ்சம் தேறுவதற்குள் அடுத்த மாதம் ஆள் வந்துவிடுவார். இப்படி இரண்டு வருடம் நடந்தால் வேர் ஆழமே போகாது. பத்து நாள் மழை இல்லாவிட்டால் முதலில் காய்வது அந்தத் திட்டுகள்தான், அந்த வெற்றிடத்தில் கோரையும் தொட்டாச்சிணுங்கியும் குடிவந்துவிடும்.

ஒரே வெட்டில் இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கௌ கிராஸை 2 அங்குலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், 3 அங்குலம் ஆனதும் வெட்டுங்கள். மழைக்காலத்தில் அது பத்து நாளுக்கு ஒருமுறை வரும், வறண்ட மாதத்தில் மூன்று வாரம்கூட ஆகலாம். மாதக் குத்தகையில் இது நடக்காது, ஏனென்றால் அவருக்கு வாரத்துக்கு எத்தனையோ வீடு, ஒரே தடவையில் ஒட்ட வெட்டினால்தான் கட்டுப்படியாகும். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நாம்தான் அப்படிப் பேசி வைத்திருக்கிறோம். மாதம் இரண்டு தடவை வரச் சொல்லி, இன்னும் கொஞ்சம் காசு கூட்டிக் கொடுங்கள், 2 அங்குலம் நிற்க வேண்டும் என்று அளந்து காட்டுங்கள். இல்லையென்றால் சக்கரத்தில் உயரம் மாற்றுகிற தள்ளு மெஷின் ஒன்று நீங்களே வாங்கிவிடுங்கள், 800 சதுர அடி அரை மணி நேர வேலை. விதைக்கும் உரத்துக்கும் கார்பெட் புல்லுக்கும் செலவழிப்பதை இதில் போட்டால் பாதி வீடுகளில் புல் தானாகவே திரும்பி வந்துவிடும். இதைச் சொன்னால் நர்சரிக்காரர்கள் என்னைத் திட்டுகிறார்கள், திட்டட்டும். வெட்டிய புல்லை மூட்டை கட்டிப் போடவும் வேண்டாம். சின்னதாக அடிக்கடி வெட்டினால் அது அங்கேயே மக்கி, வேண்டிய தழைச்சத்தில் நான்கில் ஒரு பங்கு வரை திருப்பிக் கொடுக்கும்.

அடுத்தது மண். தாமான், அதாவது குடியிருப்பு, கட்டும்போது மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, செம்மண்ணையும் உடைந்த செங்கல்லையும் கொட்டி லோரி ஏற்றி அமுக்கியிருப்பார்கள். ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து வெற்றிடத்தில் குத்திப் பாருங்கள். நான்கு அங்குலம் இறங்கவில்லை என்றால் எந்தப் புல்லும் அங்கே ஒழுங்காக நிற்காது. மழை பெய்த மறுநாள் கார்டன் ஃபோர்க்கை அரை அடி இடைவெளியில் குத்தி, லேசாக ஆட்டி, ஆற்று மணலும் மக்கிய உரமும் சரிபாதி கலந்து அரை அங்குலம் தூவி, துடைப்பத்தால் ஓட்டைக்குள் தள்ளுங்கள். மூட்டையில் வருகிற கறுப்பு மண்ணை நான் நம்புவதில்லை. பலதில் கோரைக் கிழங்கு இலவசமாக வரும், அப்புறம் ஆயுளுக்கும் பிடுங்க வேண்டியதுதான். சுண்ணாம்பு போடச் சொல்வார்கள், கௌ கிராஸுக்கு அவசியமில்லை.

களைக்கொல்லி வேண்டாம். கிளைஃபோசேட் அடித்தால் மிச்சமிருக்கிற கௌ கிராஸும் சேர்ந்து செத்துப்போகும், அதுதான் உங்களுக்கு நாற்று. அங்கிள் சொல்வது பழைய பராகுவாட் பாட்டில் என்றால் அது 2020 ஜனவரி முதல் நாட்டிலேயே தடை.

நடுவதற்கு நல்லாயிருக்கிற ஓரத்திலிருந்து கொடியை எடுங்கள். (தெருவோரம் இருக்கிற டிபிகேஎல், அதாவது மாநகர் மன்றப் புல்லில் கை வைக்காதீர்கள்.) மூன்று நான்கு கணு இருக்கிற மாதிரி வெட்டி, 2 அங்குல ஆழத்தில் கீறிய வரிசையில், வரிசைக்கு வரிசை 8 அங்குலம் விட்டு, நுனி மட்டும் வெளியே தெரியப் படுக்கவைத்து மண்ணை மூடிக் காலால் மிதித்து விடுங்கள். வெட்டிய அன்றே நட வேண்டும். முதல் இரண்டு வாரம் காலையில் ஒருமுறை, மதியத்துக்கு மேல் ஒருமுறை மேல்மண் ஈரமாகும் அளவுக்குத் தண்ணீர், அந்தி சாய்ந்தபின் வேண்டாம். வேர் பிடித்தபின் வாரம் இரண்டு முறை ஆழமாக விட்டால் போதும், மழை பெய்தால் அதுவும் வேண்டாம். நான்காவது வாரம் பச்சை உரம், அதாவது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கிற 15-15-15, மொத்த நிலத்துக்கும் ஒரு கிலோ. அவ்வளவுதான், யூரியா மூட்டையைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

தீபாவளிக்குள் ஆகுமா என்றால், இப்போதே நட்டால் எட்டு முதல் பத்து வாரத்தில் பெரும்பகுதி மூடும். அக்டோபர் மழையும் கைகொடுக்கும். வாசல் பக்கம் கண்ணில் படுகிற இடத்துக்கு மட்டும் கார்பெட் புல் வாங்கிக்கொள்ளுங்கள். சுங்கை பூலோ நர்சரிகளுக்கு நேரில் போய், அடுக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டை உருவிப் பாருங்கள். மஞ்சளாகச் சூடேறி இருந்தால் வேண்டாம், அடியில் கோரைக் கிழங்கு தெரிந்தாலும் வேண்டாம். போட்டுத் தருகிறேன் என்று வருகிற ஆள் கல்லுமண்ணின் மேல் இரண்டு விரல் மணல் கொட்டி அதன் மேல் புல்லை விரித்துவிட்டுப் போவார். ஒரு மாதம் பச்சையாக இருக்கும், வேர் மணலைத் தாண்டாது, அதற்குள் அவர் காசை வாங்கிக்கொண்டு போயிருப்பார். அடியைக் குத்திவிட்டு விரிக்கிறவரா என்று கேட்டுப் பேசுங்கள். கூடாரத்தைக் கார் நிறுத்துகிற இடத்தில் போடுங்கள், புதுப் புல்லின் மேல் இரண்டு நாள் கூடாரமும் நாற்காலியும் நின்றால் மறுபடி எனக்குக் கடிதம் எழுத வேண்டிவரும்.

மாமரத்தடி விஷயம். கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டுப் பாருங்கள். நான்கு மணி நேரமாவது வெயில் விழுந்தால் கௌ கிராஸ் பிடிக்கும், ஆனால் 3 அங்குலம் உயரமாகவே விட வேண்டும். வெயில் விழவே இல்லை என்றால் அந்த இடத்தில் பெரணி வைத்துவிடுங்கள், அல்லது மாவிலைச் சருகையே கூட்டிப் போட்டு மூடிவிடுங்கள், மரத்துக்கும் நல்லது.