டோப் வண்டியில் என்ன விற்றார்கள்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தென்மாநில நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்களின் நினைவுக் குறிப்புகளை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆலைக்குள் தினமும் 'டோப் வண்டி' வந்ததாக ஒரு மூதாட்டி சொல்கிறார். டோப் என்றால் போதைப்பொருள்தானே? அதைப் பகிரங்கமாகவா விற்றார்கள்? 'போதை வண்டி' என்று எழுதலாமா?

க.

அன்புள்ள க.,

தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அந்த வண்டியில் வந்தது கோக்க கோலா, தின்பண்டங்கள், தலைவலிப் பொடி. 1886இல் அட்லாண்டாவில் விற்பனைக்கு வந்தபோது கோக்க கோலாவில் கோக்கா இலைச் சாறு இருந்தது. அதன் வழியே கொஞ்சம் கொக்கெய்னும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கெய்னை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் தென்மாநிலங்களில் சோடா, கோலா எல்லாமே 'டோப்'தான். கம்பெனிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, ஜனங்கள் விடவில்லை. பஞ்சுத் தூசிக்குள் நாளெல்லாம் நின்று, ஒரு பாட்டில் கோலா குடித்தவர்களைத் தமிழில் நாம் போதை அடிமைகள் ஆக்கிவிடக் கூடாது.

டோப் என்ற சொல் வந்த கதையையும் சொல்கிறேன். டச்சு மொழியில் தோய்த்துத் தின்னும் குழம்புக்கு இதை ஒத்த பெயர். அந்தச் சொல் அமெரிக்கா போனதும் கெட்டியான கலவை எதையும் அப்படிச் சொன்னார்கள். புகைப்பதற்காகக் காய்ச்சிய அபின் பாகும் அதில் சேர்ந்தது. போதைப்பொருள் என்ற பொருள் அந்த வழியில் வந்ததுதான். அப்புறம் பந்தயக் குதிரைக்கு மருந்து கொடுப்பது டோப்; எந்தக் குதிரை ஜெயிக்கும் என்ற உள் தகவலும் டோப். விளையாட்டில் இன்று நாம் கேள்விப்படும் ஊக்கமருந்துச் சோதனைக்கும் இதே பெயர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சன் 100 மீட்டர் தங்கத்தை இழந்தது அப்படிப்பட்ட சோதனையில்தான்.

போதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய விமானங்களின் இறக்கைகள் துணியால் ஆனவை. துணி விறைப்பாக நிற்க ஒருவகை வார்னிஷ் பூசுவார்கள். அதுவும் டோப். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் தொழிற்சாலைகளில் இதைப் பூசியவர்களில் நிறையப் பேர் பெண்கள். அதில் கலந்த டெட்ராகுளோரோஈத்தேன் ஈரலைத் தாக்கியது. மஞ்சள் காமாலை வந்து சிலர் இறந்தே போனார்கள். அந்தக் காலத்துத் தொழிற்சாலை அறிக்கையில் 'டோப் விஷம்' என்று படித்துவிட்டு, போதைப் பழக்கத்தால் செத்தார்கள் என்று யாராவது தமிழில் எழுதினால், அந்தப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய அநியாயம்!

மின்னணுச் சில்லு செய்ய சிலிக்கானில் துளி பாஸ்பரஸோ போரானோ சேர்ப்பதும் டோப்பிங்தான். அது உங்கள் புத்தகத்தில் வராது என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் வரிக்கு வருவோம். 'சோடா வண்டி' என்று எழுதுங்கள். முதல் தடவை மட்டும் அங்கே அதை டோப் வண்டி என்பார்கள் என்று ஒரு அடிக்குறிப்பு போதும். ஒன்றைக் கவனியுங்கள்: அதே குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் 1970களைப் பற்றிப் பேசும்போது டோப் என்றால், பெரும்பாலும் கஞ்சாவோ ஹெராயினோதான். அங்கே சோடா என்று போட்டுவிடாதீர்கள்.