தெள்ளுப்பூச்சி போன பிறகும் நாய் சொறிவது ஏன்?

கேள்வி: எங்கள் நாய்க்குத் தெள்ளுப்பூச்சிக்கான சொட்டு மருந்து விட்டுப் 10 நாள் ஆகிறது. பூச்சி கண்ணில் படவில்லை. ஆனாலும் ராத்திரியெல்லாம் சொறிகிறது. வாலடியில் முடி கொட்டிச் சிவந்திருக்கிறது. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டாம். அந்தப் பசை புண்ணைக் காயவிடாது; நாய் அதை நக்க நக்க ரணம் பெரிதாகும்.

அரிப்புக்குக் காரணம் தெள்ளின் எச்சில். அது ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஓரிரு கடியே போதும். பூச்சி செத்தும் பல நாள் அரிக்கும். முதலில், பூச்சி உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். பேன் சீப்பால் வாலடியைச் சீவி, விழும் கறுப்புத் தூளை ஈர வெள்ளைத் துணியில் தட்டுங்கள். தூளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை ஊறினால் அது தெள்ளின் எச்சம். அதாவது நாயின் ரத்தம்தான்.

அரிப்பைத் தணிக்க, சர்க்கரையோ மசாலாவோ சேராத ஓட்ஸ் அரை கப் எடுத்து மிக்ஸியில் மாவாக அரையுங்கள். ஒரு ஸ்பூனைத் தண்ணீரில் போட்டால் பால்போலக் கலங்க வேண்டும். அடியில் தங்கினால் இன்னும் அரையுங்கள். அரை வாளித் தண்ணீரில் அதைக் கரைத்து, சொறியும் இடத்தில் 10 நிமிடம் ஊற்றி ஊற்றி நனைத்து, அலசி, துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. வெந்நீர் அரிப்பைக் கிளப்பும். உங்கள் ஊர்க் குளிருக்கு உச்சிவெயில் நேரம் நல்லது. காலமைன் தடவாதீர்கள், அதிலுள்ள துத்தநாகம் நக்கினால் உள்ளே போகும். மண்ணெண்ணெய் தோலையே பொசுக்கிவிடும்.

இனி வீட்டைக் கவனியுங்கள். தெள்ளின் முட்டை நாய்மேல் தங்காது. படுக்கும் சாக்கிலும் தரை இடுக்கிலும் உதிர்ந்துவிடும். கூட்டுப்புழு கூட்டுக்குள் வாரக்கணக்கில் காத்திருக்கும், தெளிக்கும் மருந்துக்கும் லேசில் சாகாது. சேலத்துச் சித்திரை வெயிலில் சாக்கை உதறிக் காயப்போட்டாலே பாதி வேலை முடியும். மலையில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். இடுக்குத் தூசியைப் பெருக்கி உடனே வெளியேற்றுங்கள். சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன இடைவெளியில் மூன்று மாதமாவது விடாமல் போடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதற்குரியது தனி. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

புண் கசிந்து நாறினால், சீழ் வைத்தால் கைவைத்தியம் போதாது. கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். மலத்தில் அரிசிபோல நெளிவதைக் கண்டால் அதையும் சொல்லுங்கள். தெள்ளை விழுங்கும் நாய்க்கு நாடாப்புழு வரும். அதற்கு மாத்திரை தனியாகத் தர வேண்டும்.