ஆறு சைக்கிள், ஒரே வேகம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு நிதி திரட்ட, நண்பர்கள் ஆறு பேர் சுங்கை சிப்புட்டிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பழைய சாலை வழியே ஒரே நாளில் சைக்கிளில் போக இருக்கிறோம். ஏறக்குறைய 140 கிலோமீட்டர். இன்னும் 12 வாரம் இருக்கிறது. போன ஞாயிறு 40 கிலோமீட்டர் மிதித்தோம். இருவர் முன்னால் பறந்துவிட்டார்கள், ஒருவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, எனக்கு முன்முட்டியில் வலி. கடைசி இரண்டு வாரம் தினமும் 60 கிலோமீட்டர் மிதித்தால் சமாளித்துவிடலாமா?

ச., சுங்கை சிப்புட்

அன்புள்ள ச.,

முடியாது. உடம்பு பலம் பிடிப்பது ஓய்வு நாளில்தான். கடைசியில் போட்டு வாட்டினால் களைத்த காலோடு புறப்படுவீர்கள். ஞாயிறு தூரத்தை 45, 52, 60 என்று மூன்று வாரம் ஏற்றி, நான்காம் வாரம் 45-க்கு இறக்குங்கள். பிறகு 68, 76, 85, மறுபடி 60. அடுத்து 95, 105. பதினோராவது வாரம் 50 போதும். 105-ஐத் தெம்போடு முடித்தவர் 140-ஐயும் முடிப்பார். வார நாளில் இரண்டு தடவை, ஒரு மணி நேரம் மிதித்தால் போதும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது தூரமல்ல, 'பறந்துவிட்டார்கள்' என்ற சொல். அவர்களைப் பிடிக்கப் போய்த்தான் அந்த நண்பருக்குக் கெண்டைக்கால் இழுத்திருக்க வேண்டும். பழகாத வேகத்தில் அழுத்தினால் உப்பும் வாழைப்பழமும் காப்பாற்றாது. ஆறு பேரில் மெதுவானவர் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே மிதிக்கிற வேகம்தான் எல்லாருக்கும் வேகம். அவரைக் கடைசியில் விடாதீர்கள். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரட்டும், காற்று மறைவு கிடைக்கும். கடைசி இடம் பலசாலிக்கு. முன்னால் போகிறவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறலாம். உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. அவர் சற்று ஒதுங்கினாலும் உரசும்; விழுவது நீங்கள்தான்.

முன்முட்டி வலிக்குப் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருப்பதே காரணம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஆடாமல் எட்டினால் உயரம் சரி. முட்டிக்குப் பின்னால் வலித்தால் சீட் அதிக உயரம். ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். கனமான கியரில் திணறாமல் நிமிடத்துக்கு 80 சுற்றாவது வருகிற கியரில் மிதியுங்கள். மெத்தென்ற ஜெல் சீட் கடையில் சுகமாக இருக்கும், மூன்றாவது மணி நேரத்தில் வதைக்கும். அந்தக் காசுக்குத் திண்டு வைத்த சைக்கிள் கால்சட்டை வாங்குங்கள். உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும்.

பாடாங் ரெங்காஸ் தாண்டி வரும் புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் மட்டும் அவரவர் வேகத்தில் போய் உச்சியில் கூடுங்கள். அதுவரை ஒரு மிடறு குடிக்காமல் வந்தவர்தான் அங்கே இறங்கித் தள்ளுவார். மணிக்கு 500 முதல் 750 மில்லிலிட்டர் வேண்டும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். ஒரு போத்தலில் தண்ணீர், இன்னொன்றில் உப்புச்சத்துள்ள பானம். பசிக்கும் முன்பே 20 நிமிடத்துக்கு ஒருமுறை அரை வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ வாயில் போடுங்கள். நாசி லெமாக் பட்டர்வொர்த்தில் காத்திருக்கட்டும். தேங்காய்ப்பாலும் சம்பாலும் நடுவழியில் வயிற்றில் கல்லாகக் கிடக்கும்.

பஞ்சர் ஆகாமல் போய்ச் சேர்வீர்கள் என்று நம்ப வேண்டாம். வெடித்த லாரி டயர்களின் கம்பித் துணுக்குகள் சாலை ஓரத்தில்தான் கிடக்கும், நீங்களும் அங்கேதான் போவீர்கள். ஆளுக்கு இரண்டு டியூப், பம்பு, டயர் நெம்புகோல். புது டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கம்பி அங்கேயே இருந்தால் புது டியூபும் பத்தே நிமிடத்தில் போய்விடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழுந்திருந்தால் குற்றம் கம்பியல்ல, காற்றுக் குறைவு. ஆறு பேரும் வீட்டில் ஒருமுறையாவது பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழக வேண்டும். பழைய செயினில் 12 முழு இணைப்பை (உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்த சோடிதான் ஒரு முழு இணைப்பு) அளந்தால் 12 அங்குலம் வர வேண்டும்; பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் மாற்றுங்கள். புதுச் செயினைப் பயணத்துக்கு முதல் நாள் மாட்டாதீர்கள், தேய்ந்த பல்லில் வழுக்கும்.

மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் மிதிக்கவே 7 மணி நேரம், நிற்பதோடு 9. விடியும்வரை காத்திருந்தால் 7 மணி தாண்டிவிடும், பிற்பகல் இடிமழையில் மாட்டுவீர்கள். ஐந்தரைக்கே புறப்படுங்கள், முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்கோடு. தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு நனைந்திருந்தால் அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், வழுக்கும்.

வழியில் உண்டியல் ஏந்துவதாக எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தெருவில் வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறை உரிமம் வேண்டும். அந்தத் தாளுக்கு இப்போதே நடையாக நடக்கத் தொடங்குங்கள்.